அப்பாவோட பெட்டி: குடும்பக் குழுவில் ஒரு ஞாயிறு

[காலை 9:04] பெரியண்ணன்: பெட்டியைத் திறந்தாச்சு. கேசட் 14, ஆல்பம் 3, நெகட்டிவ் ஒரு டப்பா, கேமரா, மைக்ரோமீட்டர், பட்டறை நோட்டு 2. எதுல ஆரம்பிக்கலாம்?

[9:06] நான்: கேசட்தான் முதல்ல. போட்டோ மங்கினாலும் ஆள் தெரியும். டேப்ல பூஞ்சை ஏறிட்டா அப்பா குரல் போச்சு. ஆர்வத்துல யாரும் பிளேயர்ல போட்டுப் பாத்துடாதீங்க ப்ளீஸ்.

[9:07] அக்கா: நேத்தே ஒண்ணு போட்டுப் பாத்துட்டேன்டா 🙈

[9:07] நான்: 😐 சரி. இனிமே வரிசையாச் செய்யலாம். கேசட்டோட மேல் விளிம்புல ரெண்டு ஓரத்துலயும் சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். ரெண்டையும் உடைச்சிடுங்க, அப்புறம் தப்பா ரெக்கார்ட் பட்டன் அமுக்கினாலும் அழியாது. ஜன்னல் வழியா டேப் சுருளைப் பாருங்க. ஓரத்துல வெள்ளையா மாவு மாதிரி இருந்தா பூஞ்சை. அதைத் தனி கவர்ல போட்டுடுங்க, பிளேயருக்குள்ள போனா மத்த கேசட்டுக்கும் ஒட்டிக்கும்.

[9:11] அத்தான்: டேப் வெளியே தெரியுற வாய்ப் பக்கம் நடுவுல இருக்கிற கம்பளித் துண்டையும் பாக்கணும். பசை காஞ்சு விழுந்திருந்தா டேப், பிளேயர்ல அதைப் படிக்கிற ஹெட்ல சரியா அழுந்தாது, சத்தம் அமுங்கி அமுங்கி வரும். டேப் கெட்டுப்போச்சுன்னு நிறைய பேர் நினைக்கிறது இதைத்தான். 5 ஸ்க்ரூ போட்ட காலி கேசட் ஒண்ணு எடுத்து, ரெண்டு சுருளையும் அப்படியே அதுக்குள்ள மாத்திடலாம். ஸ்க்ரூ இல்லாம ஒட்டின கேசட்னா இணைப்புக் கோட்டுல மெல்லிய பிளேடு வச்சுப் பிளக்கணும். தட்டையா மேசை மேல வச்சே செய்யுங்க, தூக்கினா சுருள் அவிழ்ந்துடும்.

[9:13] பெரியண்ணன்: 90 நிமிஷம்னு போட்டது ஒம்பது, 60 நாலு, 120 ஒண்ணு.

[9:14] அத்தான்: அந்த 120-ஐ மட்டும் வேகமா முன்னே பின்னே ஓட்டாதீங்க மச்சான். நேரம் கூடக் கூட டேப் மெல்லிசாயிடும். அதுதான் முதல்ல இழுபடும், சிக்கும்.

[9:20] குட்டி: மாமா, பிளேயரோட ஹெட்போன் துளையிலிருந்து லேப்டாப் மைக் துளைக்கு வயர் போட்டா போதுமா?

[9:22] நான்: வேணாம்டி, மைக் துளைக்கு அந்தச் சத்தம் அதிகம், குரல் கரகரன்னு உடையும். லைன் இன் (பிளேயர் சத்தத்தை அப்படியே வாங்குற துளை) உள்ள யுஎஸ்பி பெட்டி வச்சு எடு. ரெக்கார்டிங் செட்டிங் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், சுருக்காத வேவ் ஃபைல். ஒரு மணி நேரத்துக்கு ஸ்டீரியோவுல 1 ஜிபி ஆகும், ஆகட்டும். சத்தம் உச்சத்துல -6 டெசிபலைத் தாண்டக் கூடாது. தாத்தா திடீர்னு சிரிச்சா அங்கதான் உடையும், அதுக்கு இடம் விட்டு வை.

[9:24] நான்: போடறதுக்கு முன்னாடி 90 சதவீதத்துக்கு மேல இருக்கிற ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல பஞ்சுக் குச்சியை நனைச்சு ஹெட்டையும் பக்கத்துல இருக்கிற இரும்புத் தண்டையும் துடை. ரப்பர் உருளைக்கு ஆல்கஹால் வேணாம், சோப்புத் தண்ணி லேசாத் தொட்டாப் போதும்.

[9:31] அக்கா: இந்த நோட்டுல "8 – 6.8, 10 – 8.5, 12 – 10.2"ன்னு பக்கம் பூரா எழுதியிருக்காரு. வட்டிக் கணக்கா?

[9:40] சித்தப்பா: வட்டி இல்லம்மா 😄 உள் மரை வெட்டுறதுக்கு முன்னாடி போடுற துளை அளவு. 10 மி.மீ. போல்ட்டுக்குப் புரி இடைவெளி, அதாவது ஒரு மரைக்கும் அடுத்ததுக்கும் நடுவுல, 1.5. பத்துல ஒன்றரை போனா 8.5. அந்த ட்ரில் போட்டுட்டுத்தான் மரை வெட்டுற டேப்பை இறக்கணும். எட்டுக்கு 1.25 போனா 6.75, கையில இருக்கிறது 6.8 ட்ரில். பன்னெண்டுக்கு 1.75 போனா 10.25, நாங்க 10.2 போடுவோம். துளை சின்னதாப் போச்சுன்னா டேப் உள்ளேயே முறிஞ்சு நின்னுக்கும். பெருசாப் போச்சுன்னா மரை ஆழமில்லாம போல்ட் வழுக்கும். உங்கப்பா தலையில இருந்த அட்டவணை இது, நோட்டு கத்துக்குட்டிகளுக்காக எழுதினது.

[9:41] அக்கா: அந்த டேப் வேற, இந்த டேப் வேறயா!

[9:43] சித்தப்பா: மைக்ரோமீட்டரை முழுசா மூடி வைக்காதீங்க. முனை ரெண்டும் ஒட்டி இருந்தா ஈரம் தங்கி அங்கேயே துரு பிடிக்கும். ஒரு மில்லி இடைவெளி விட்டு, மெஷின் ஆயில் ஒரு சொட்டு தடவி வைங்க. அளக்கிற முகத்துல உப்புத்தாள் படவே கூடாது, 0.01 மி.மீ. வரை அளந்து பாக்கிற சாமான் அது. கீழே துணியில சுத்தியிருக்கிற, லேத்துல இரும்பைச் சீவுற டூல் பிட்டெல்லாம் அண்ணன் கிரைண்டர்ல தன் கையால பிடிச்சது. எவனாவது தீட்டித் தர்றேன்னு கேட்டா குடுத்துடாதீங்க. அந்தக் கோணம் போனா திரும்ப வராது.

[10:02] அக்கா: ஆல்பத்துல போட்டோ ஒட்டிக்கிச்சு. பிச்சா வருமா?

[10:04] நான்: பிக்காதே! மேல பிளாஸ்டிக் தாள் மூடின ஆல்பம்தானே? வாசனை இல்லாத பல் இடுக்கு நூலை ஒரு மூலையில நுழைச்சு, அறுக்கிற மாதிரி மெல்ல இழு. போட்டோவை வளைக்காதே. அடம் பிடிச்சா விட்டுட்டு அட்டையோடயே ஸ்கேன் பண்ணு. ஃபிரேம் கண்ணாடியில ஒட்டினதையும் அப்படித்தான், கண்ணாடியோட வச்சு எடு. பிரிச்சா முகம் கண்ணாடியிலயே நின்னுடும்.

[10:06] அத்தான்: ஸ்கேனர்ல சாதாரணப் போட்டோவுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), பாஸ்போர்ட் சைஸுக்கு 1200. நெகட்டிவ் ஒரு ஃபிரேம் 24 × 36 மி.மீ. தான், அதை 600-ல எடுத்தா பெருசாப் பிரின்ட் போடத் தேறாது. குறைஞ்சது 2400. டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாசனை அடிச்சா அந்தச் சுருளை மட்டும் பிரிச்சு வேற இடத்துல வைங்க, முதல்லயே ஸ்கேன் பண்ணிடுங்க. ஃபிலிமே சிதைய ஆரம்பிச்சிருக்கு.

[10:09] அக்கா: பின்னாடி பேரை பால் பென்ல எழுதிடவா?

[10:10] நான்: முன்பக்கம் தடம் விழும். மையும் அடுத்த போட்டோவுல ஒட்டும். கவர்ல பென்சில்ல நம்பர் மட்டும் போடு. அம்மாவை உக்கார வச்சு "12-ஆம் நம்பர், இடமிருந்து வலமா"ன்னு சொல்லச் சொல்லிப் போன்ல ரெக்கார்ட் பண்ணு. யாரு, எங்க, யாரு எடுத்தது. வருஷம் ஞாபகம் வராட்டி விடு, அவங்களையே "அப்ப யாரு கைக்குழந்தை?"ன்னு கேளு, வருஷம் தானா வரும்.

[10:12] பெரியண்ணன்: ஸ்கேன் பண்ணதை எல்லாம் இங்கேயே போட்டுடுங்க.

[10:12] குட்டி: போட்டோவாப் போட்டா வாட்ஸ்அப் சுருக்கிடும் பெரிய மாமா, தேதி விவரமும் போயிடும். டாக்குமென்ட்டா அனுப்புங்க.

[10:15] பெரியண்ணன்: கேமரா?

[10:15] அத்தான்: பேட்டரி மூடியை மட்டும் திறங்க. பச்சையாப் பூத்திருந்தா வினிகர் தொட்ட குச்சியால துடைக்கணும். லென்ஸ்ல சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா பூஞ்சை. மத்தது அப்புறம்.

[மாலை 4:48] குட்டி: 7-ஆம் கேசட் பி சைடு எடுத்துட்டேன். ஆனா தாத்தா குரல் கீச்சுன்னு வேகமா இருக்கு 😟 நம்ம பிளேயர்ல வேற கேசட் சரியாத்தான் ஓடுது.

[4:55] நான்: அப்படின்னா பதியும்போது அவரோட மெஷின் மெதுவா ஓடியிருக்கு. பெல்ட் தொய்ஞ்சிருக்கும். ஆடாசிட்டி சாஃப்ட்வேர்ல பேச்சு இல்லாத இடமா ஒரு நிமிஷம் தேர்ந்தெடுத்து ஸ்பெக்ட்ரம் (எந்த ஹெர்ட்ஸ்ல எவ்வளவு சத்தம்னு காட்டுற வரைபடம்) பாரு, சைஸ் 65536. நம்ம வீட்டுக் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், அதுல ஓட்டியிருந்தா 50, 100 ஹெர்ட்ஸ்ல இரைச்சல் பதிஞ்சிருக்கும். அது எங்க நிக்குது?

[5:03] குட்டி: 50-ல ஒரு கூர், 53-ல ஒரு கூர். 106-லயும் இருக்கு.

[5:05] நான்: அருமை. 50-ல இருக்கிறது இப்ப நம்ம வயர்ல வர்றது. 53, 106 ரெண்டும் அன்னைக்குப் பதிஞ்சது. 50-ஐ 53-ஆல வகுத்தா 0.9434. ஸ்பீடை -5.66 சதவீதம் மாத்து. டெம்போ (வேகம்) தனியா, பிட்ச் (குரலோட உயரம்) தனியா மாத்தாதே, ரெண்டும் சேர்ந்து இறங்கணும். மூல ஃபைலைத் தொடாம வேற பேர்ல சேமி.

[5:21] குட்டி: 🎧 07_பி_திருத்தியது.வேவ்

[5:34] பெரியண்ணன்: அம்மாவுக்குப் போட்டுக் காமிச்சேன். திருத்தாம முன்னாடி போட்டது யாரோ மாதிரி இருந்துச்சாம். இப்பதான் உங்கப்பாங்கிறாங்க.

[5:36] நான்: 5.66-ஐக் கேசட் கவர்ல குறிச்சு வை குட்டி. 8, 9 அதே மெஷின்ல பதிஞ்சதா இருக்கும், ஆனா அளக்காம அதே நம்பரைப் போட்டுடாதே.

[5:37] குட்டி: 8 ஓடிட்டு இருக்கு மாமா. ஏ சைடு, 45 நிமிஷம்.