பழைய ஔட்போர்ட் இன்ஜின், 2டி ஆயில் எவ்ளோ கலக்கணும்? அவசரம்

தொண்டிக்காரன்:
அண்ணே யாராச்சும் சொல்லுங்க, மாமாவோட பழைய ஔட்போர்ட் (வள்ளத்துக்குப் பின்னால மாட்டுற இன்ஜின்) ரெண்டு வருசமா செட்டுல சும்மா கெடந்துச்சு, இப்ப எடுத்து மாட்டியிருக்கோம், ஸ்டார்ட் ஆகுது ஆனா புகைன்னா அப்படி ஒரு புகை, கரைல நிக்கிறவன்லாம் திட்றான். வேகமா போனா ஓடுது, வலை இழுக்கலாம்னு ஸ்லோ பண்ணா கொஞ்ச நேரத்துல நின்னுடுது. மாமா பெட்ரோல் கேனுக்கு ஒரு டம்ளர் 2டி ஆயில்னு (டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு பெட்ரோல்லயே கலக்குற ஆயில்) ஊத்துவார், அதே கணக்குல தான் ஊத்துனேன். கூடிப்போச்சா கொறஞ்சுபோச்சா? விடிஞ்சா கடலுக்கு போகணும்

பாம்பன் பருந்து:
என்ன இன்ஜின்? எத்தனை ஹெச்பி? கேன் எத்தனை லிட்டர்? டம்ளர்னா டீக்கடை கிளாசா வீட்டு சில்வர் டம்ளரா? ஒண்ணுமே சொல்லாம அவசரம்னா எப்படி தம்பி

குளச்சல் மக்கா:
பெட்ரோலா மண்ணெண்ணெயா அத மொதல்ல சொல்லு மக்கா. எங்க பக்கம் நெறைய பேருக்கு மண்ணெண்ணெய் இன்ஜின்தான். பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி சூடானபெறகு மண்ணெண்ணெய்க்கு மாத்தணும், நிறுத்துறதுக்கு முன்ன திரும்ப பெட்ரோலுக்கு வந்துரணும். இல்லேன்னா கார்புரேட்டர்ல மண்ணெண்ணெய் நின்னு மறுநாள் கயிறு இழுத்து இழுத்து கை போயிரும். அது தெரியாம ஆயில குறை சொல்லி பிரயோசனம் இல்ல

ஆர்எக்ஸ் ராஜா:
ப்ரோ ரொம்ப யோசிக்காதீங்க, 2டி ஆயில்னா 2டி ஆயில்தான், பங்க்ல பாக்கெட்ல தர்றத ஊத்துங்க. என் ஆர்எக்ஸ்100 இன்னைக்கு வரைக்கும் அதுலதான் ஓடுது. கொஞ்சம் கூடுனாலும் தப்பில்ல, ஆயில் கூடுனா இன்ஜினுக்கு பாதுகாப்புதானே

கடல் மெக்கானிக்:
வந்துட்டாரு. இதே கேள்விய வருசா வருசம் யாராச்சும் கேக்குறீங்க, வருசா வருசம் ஒருத்தர் பைக்க இழுத்துட்டு வர்றாரு. ராஜா சார், உங்க பைக் காத்துல ஆறுது, இது கடல் தண்ணில ஆறுது. பைக் ஆயில்ல, அதாவது ஜாசோ எஃப்சி போட்ட டப்பால, சூட்டுக்குனு உலோகச் சத்து கலந்த மருந்து இருக்கும், எரிஞ்சா சாம்பல் நிக்கும். ஔட்போர்டு அவ்ளோ சூடாகாது, அந்தச் சாம்பல் பிஸ்டன் தலையிலயும் ப்ளக்லயும் ஒட்டிக்கும். இதுக்குன்னே டிசி-டபிள்யூ3 னு டப்பால போட்டு சாம்பல் இல்லாத ஆயில் விக்கிறான். படிக்கத் தெரிஞ்சா போதும்.

ஆர்எக்ஸ் ராஜா:
சரிங்க ப்ரொஃபசர். எங்க ஊர்ல பாதி வள்ளம் பங்க் ஆயில்லதான் ஓடுது, எதுவும் வெடிக்கல

பருத்தித்துறையான்:
தம்பி, ஆயில் சண்டையை விட்டிட்டு ஒண்டைக் கவனியுங்கோ. புகை வாறது வேற வருத்தம், ஸ்லோவில நிக்கிறது வேற வருத்தம். ரெண்டு வருசம் கிடந்த எஞ்சின் எண்டால் கார்புரேட்டருக்குள்ள பழைய பெட்ரோல் காய்ஞ்சு பிசின் மாதிரி பிடிச்சிருக்கும். ஸ்லோ ஜெட், அதாவது மெதுவா ஓடேக்க பெட்ரோல் போற சின்னக் குழாய், அதில இருக்கிற ஓட்டை ஊசி முனையளவுதான், முதல்ல அடைபடுறது அதுதான். வேகமா ஓடேக்க பெரிய ஜெட்டால போகுது, அதால தெரியாது. குறைச்ச உடன நிண்டிடும். நீங்கள் சொல்லுறது அப்பிடியே இதுதான்.

தொண்டிக்காரன்:
யமஹா 15, பெட்ரோல். மூடி மேல ஸ்டிக்கர் உரிஞ்சு போச்சு. கேன் 5 லிட்டர், வீட்டு டம்ளர், இப்ப மருந்து பாட்டில் மூடியால அளந்து பாத்தேன் 200 மில்லிகிட்ட வருது

பாம்பன் பருந்து:
5 லிட்டருக்கு 200 மில்லின்னா லிட்டருக்கு 40. அதாவது 25 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில், 25க்கு 1. அது புது இன்ஜின் பழக்குற கணக்குய்யா. ஓடிப் பழகுன இன்ஜினுக்கு 50க்கு 1 போதும், லிட்டருக்கு 20 மில்லி, உன் கேனுக்கு 100. உங்க மாமா வச்சிருந்தது 10 லிட்டர் கேனா இருந்திருக்கும், கேட்டுப் பாரு.

கலக்கும்போது மொத்தப் பெட்ரோலையும் ஊத்திட்டு மேல ஆயில ஊத்தாத. கொஞ்சம் பெட்ரோல், அப்பறம் ஆயில், நல்லா குலுக்கு, அப்பறம் மிச்சப் பெட்ரோல், திரும்ப குலுக்கு. இப்ப டேங்க்ல இருக்கறத கீழ கொட்டாத, அதே அளவு ஆயில் போடாத பெட்ரோல் சேத்தா 50 ஆயிரும். ஆனா அது ரெண்டு வருசத்துக்கு முந்தின பெட்ரோல்னா இன்ஜினுக்கு வேண்டாம்.

ஆர்எக்ஸ் ராஜா:
அப்ப 25க்கு 1 ஊத்துனா புகைதான வரும், இன்ஜின் ஒண்ணும் ஆகாதுல? நான் சொன்னதும் அதானே

கடல் மெக்கானிக்:
இல்ல. அதே ஜெட் வழியா ஆயில் அதிகமா போனா பெட்ரோல் கம்மியா போகுது. காத்து அதே அளவு. அப்ப கலவை லீன் ஆகுது, அதாவது காத்துக்கு ஏத்த பெட்ரோல் இல்ல, இன்ஜின் சூடேறும். ஆயில் கூடக் கூட நல்லதுன்னு நினைக்கிறவங்களுக்கு இது மட்டும் ஏறவே ஏறாது. பழைய பிரிட்டிஷ் சீகல் இன்ஜின்ல 10க்கு 1 ஊத்துனாங்க, ஏன்னா உள்ள தண்டு சுத்துறது சாதா புஷ்ல, உருளையில்லாத வளையம். இப்ப ஊசி மாதிரி உருளை வச்ச பேரிங், அதுக்கு இவ்ளோ ஆயில் தேவையில்ல.

குளச்சல் மக்கா:
அப்படின்னா 100க்கு 1 ஊத்திப் பாக்கலாமே, ஆயில் மிச்சம்

கடல் மெக்கானிக்:
ஔட்போர்ட் செஞ்ச ஜான்சன் எவின்ரூட் கம்பெனிக்காரனே 1985 வாக்குல 100க்கு 1 னு சொல்லிப் பாத்துட்டு திரும்ப 50க்கு வந்துட்டான். நாள் முழுக்க ஓட்டுற தொழிலுக்கு 50தான். டம்ளர தூக்கிப் போட்டுட்டு மில்லி போட்ட கப் வாங்குங்க.

நாகை நாட்டிக்கல்:
யாரும் எத்தனால் பத்தி பேசலயே. இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால். கேன்ல தண்ணி எறங்குனா எத்தனாலும் தண்ணியும் சேந்து அடில போயிரும், ஆயில் மேல பெட்ரோலோட நின்னுக்கும். இன்ஜின் உறிஞ்சுறது அடிலேருந்து. அதாவது ஆயிலே இல்லாத தண்ணி உள்ள போகுது. என்னைக் கேட்டா எல்லாப் பிரச்சனைக்கும் இதான் காரணம், பழைய ஃப்யூவல் பம்ப் ரப்பரும் ஊறி போயிரும்

பருத்தித்துறையான்:
எங்கட பக்கம் பெட்ரோலில எத்தனால் கலக்கிறேல்லை, எண்டாலும் ரெண்டு வருசம் கிடந்தால் ஜெட் அடைக்கத்தான் செய்யும் அண்ணை. எல்லாத்தையும் எத்தனாலில போடாதேங்கோ.

நாகை நாட்டிக்கல்:
நீங்க 20 சதவீதம் ஊத்திப் பாக்காதவரைக்கும் அப்படித்தான் சொல்வீங்க

பாம்பன் பருந்து:
அதுக்குத்தான் கேன் மூடிய இறுக்கி நிழல்ல வைக்கச் சொல்றது, அன்னன்னைக்கு வேண்டியத மட்டும் கலக்கு. தம்பி இன்னொண்ணு, ஓடும்போது பின்னால தண்ணி பீச்சுதான்னு பாத்தியா? ரெண்டு வருசம் கெடந்தா இம்பெல்லர் (இன்ஜின ஆத்துற தண்ணிய ஏத்துற பம்ப் இறக்கை) ரப்பர் மடங்குனபடியே இறுகிப் போயிருக்கும். தண்ணி வரலன்னா எந்த ஆயில் ஊத்தியும் புண்ணியமில்ல, இன்ஜின் பிடிச்சுக்கும். கியர் ஆயிலும் பால் மாதிரி வெளுத்திருக்கான்னு பாரு, அப்படின்னா தண்ணி எறங்கியிருக்கு

தொண்டிக்காரன்:
கார்புரேட்டர் கழட்டுனோம், அடில பச்சையா பிசுபிசுன்னு இருந்துச்சு, சின்ன ஜெட்ட ஊதி மாட்டுனோம். ரெண்டு ப்ளக்கும் கருப்பா ஈரமா இருந்துச்சு, புதுசு பி7ஹெச்எஸ் போட்டாச்சு. 5க்கு 100. இப்ப ஸ்லோல நிக்கல, புகையும் கம்மி. தண்ணி நல்லா வருது. கிளம்புறோம்

கடல் மெக்கானிக்:
எந்த ஆயில் ஊத்துனீங்க?

ஆர்எக்ஸ் ராஜா:
பங்க் ஆயில்தான் ஊத்திருப்பாரு 😄

கடல் மெக்கானிக்:
பதில் வரட்டும்.

பாம்பன் பருந்து:
நடுக்கடல்ல டவர் எங்க கெடைக்கும். ராஜா, நீ சும்மா இரு

குளச்சல் மக்கா:
அதிருக்கட்டும், மண்ணெண்ணெய் இன்ஜினுக்கும் லிட்டருக்கு 20 மில்லிதானா? யாராவது சொல்லுங்க

கடல் மெக்கானிக்:
மாடல் என்ன, எத்தனை ஹெச்பி?