முதல் 50 கிராமுக்கு அசையாத சுருள்வில்

பழைய மாணவன்:
சுருள்வில்லைத் தொங்கவிட்டு, அதன் நுனியில் எடைகளை மாட்டி, அது எவ்வளவு நீள்கிறது என்பதை அளவுகோலருகே இறங்கும் குறிமுள்ளைக் கொண்டு அளக்கும் சோதனையைப் பற்றியது இது. பதினொன்றாம் வகுப்பு ஆய்வகத்தில் 50 கிராம் எடையை மாட்டியபோது என் குறிமுள் துளியும் இறங்கவில்லை. அதன் பிறகு 100 கிராமுக்கு 1.6 செ.மீ., 150க்கு 3.6, 200க்கு 5.6, 250க்கு 7.6 என ஒழுங்காக இறங்கியது. சுமையை நீட்சியால் வகுத்தால் எல்லா வரிசையிலும் ஒரே மாறிலி, அதாவது ஒரு மீட்டர் நீட்சிக்கு எத்தனை நியூட்டன் விசை என்ற எண், வர வேண்டுமே! எனக்கோ மீட்டருக்கு 61, 41, 35, 32 நியூட்டன் என்று குறைந்துகொண்டே வந்தது. ஆசிரியர் கையொப்பமிட அடுத்த மேசைவரை வந்துவிட்ட அந்த நொடியில், அனைத்தையும் அழித்துவிட்டு 2, 4, 6, 8, 10 என்று எழுதி, சுமைக்கும் நீட்சிக்குமான வரைகோட்டை ஆதிப்புள்ளி வழியே இழுத்தேன். "மிகச் சரி" என்று எழுதிச் சென்றார். அழித்த எண்களின் தடம் அந்தக் குறிப்பேட்டில் இன்றும் தெரிகிறது.

கடைசி மேசை:
தாங்கள் அளவுகளை மாற்றினீர்கள். நான் சுருள்வில்லையே மாற்றிவிட்டேன். எதுவரை நீளும் என்று பார்க்கும் ஆசையில் கையால் இழுத்தேன். விட்டபோது அது பாதி வழியிலேயே தளர்ந்து நின்றது. சத்தமில்லாமல் தாங்கியில் மாட்டிவிட்டு வந்தேன். அடுத்த அணியில் அதை எடுத்த மாணவன் வசைபட்டதைச் சன்னல் வழியே பார்த்தேன், வாய் திறக்கவில்லை. தங்களுக்கு வாய்த்ததும் அப்படிப் பழுதான ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

இயற்பியல் ஆசிரியர்:
மேலே எழுதியவரை மறுக்க வேண்டியிருக்கிறது. அது பழுதன்று. ஆசிரியப் பணியில் சேர்ந்த ஆண்டில் அத்தகைய ஒன்றைப் பழுதென்று ஒதுக்கியவன் என்பதால் சொல்கிறேன். சுற்றுகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கும்படி இறுக்கமாகச் சுற்றப்பட்ட சுருள்வில்லில், அந்தப் பிடியை வெல்லும்வரை நீட்சியே இராது. தங்கள் அளவுகளின்படி அதற்கு 60 கிராம் தேவைப்பட்டிருக்கிறது. நீட்சி சுமைக்கு நேர்விகிதத்தில் கூடும் என்று ஹூக் 1678இல் வெளியிட்ட விதியை அது மீறவில்லை. பிடி விட்ட பிறகு ஒவ்வொரு 50 கிராமுக்கும் 2 செ.மீ. நீண்டிருக்கிறதே! எனவே இச்சோதனையைச் செய்விப்போர், சுற்றுகள் பிரியும் அளவுக்குத் தொடக்கச் சுமை ஒன்றை மாட்டி, அந்நிலையையே சுழியாகக் கொள்ள வேண்டும். எடையைக் கைவிடாமல் மெல்ல இறக்கி, ஆட்டம் அடங்கிய பின், கண்ணைக் குறிமுள்ளுக்கு நேராக வைத்து அளக்க வேண்டும். சுமையை ஏற்றும்போதும் இறக்கும்போதும் அளந்து சராசரி காண வேண்டும். இரண்டும் வெகுவாக வேறுபட்டால் மீட்சி எல்லையை, அதாவது சுருள்வில் பழைய நீளத்துக்குத் திரும்பக்கூடிய வரம்பை, தாண்டிவிட்டோம் என்று பொருள். மாறிலியைத் தனித்தனி வகுத்தலிலிருந்து எடுக்காமல் கோட்டின் சாய்விலிருந்து எடுக்க வேண்டும். கடைசி மேசை அன்பர் இழுத்ததில் அவருடைய சுருள்வில்லுக்கு நீளம்தான் கூடியிருக்கும், மாறிலி பெரிதாக மாறியிராது. சுற்றுகளுக்கிடையே பிடி இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

பழைய மாணவன்:
தங்கள் பதிவைப் படித்ததும் அழிந்த எண்களைக் கொண்டு சாய்வைக் கணக்கிட்டேன், மீட்டருக்கு 24.5 நியூட்டன். நான் புனைந்த எண்களும் அன்று அதே 24.5ஐத்தான் தந்தன. கடைசி மேசை அன்பர் இழுத்துத் தளர்த்திய சுருள்வில் என் கைக்கு வந்திருந்தால் அழிப்பானுக்கு வேலையே இருந்திராது.