'ஹை' என்றால் சம்மதமா?

கேள்வி:
எங்கள் குழுவில் புதிதாக ஒரு ஜப்பானியர் சேர்ந்திருக்கிறார். வீடியோ அழைப்பில் நான் திட்டத்தை விளக்கியபோது, வரிக்கு வரி 'ஹை, ஹை' என்றார். 'ஹை' என்றால் 'ஆம்' என்றுதானே படித்தோம்? ஒப்புக்கொண்டார் என்று நம்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் வேலை தொடங்கவே இல்லை. கோபத்தில் எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன். அவர் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. இதை எப்படிச் சரிசெய்வது?

பதில் 1:
அந்த 'ஹை' பல நேரம் 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பது மட்டும்தான். பேசுபவருக்குத் தரும் இந்த 'உம்' கொட்டலுக்கு ஜப்பானிய மொழியில் 'ஐசுச்சி' என்றே பெயர் உண்டு. சொல்லைவிடச் சூழலில் அதிகப் பொருளை வைக்கும் பண்பாடுகளைப் பற்றி அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் 1976-இலேயே எழுதியிருக்கிறார். ஆனால் ஒன்று: நாட்டை வைத்து ஆளை முடிவுகட்டாதீர்கள். அவரையே கேளுங்கள்.

பதில் 2:
முதலில் தனியாக மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம் 'சம்மதமா?' என்ற கேள்வியையே விட்டுவிடுங்கள். 'இதில் எது சிரமம்? எதிலிருந்து தொடங்கலாம்?' என்று கேட்டால் 'ஹை' மட்டும் சொல்லித் தப்ப முடியாது. அழைப்புக்கு முந்தைய நாளே குறிப்பை எழுதி அனுப்புங்கள். கேள்வி கேட்டபின் பத்து நொடியாவது பேசாமல் இருங்கள். எனக்கு அந்த மௌனம்தான் மிகக் கடினமாக இருந்தது.

கேட்டவர்:
நேற்று தனியாகப் பேசினேன். திட்டத்தில் ஒரு பெரிய பிழை இருந்திருக்கிறது. என்னைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று சொல்லாமல் இருந்திருக்கிறார். இன்று இருவரும் சேர்ந்து திருத்துகிறோம்.