பொருளடக்கத்தால் பட்ட பாடு: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

தூண் எண் 14 (கோலாலம்பூர்)

சம்பளக் கணக்கு மென்பொருள் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் இருக்கிறேன். உதவிப் பக்கங்கள் என் பொறுப்பு. எழுதியதை இணையப் பக்கங்களாக்கும் எம்கேடாக்ஸ்தான், உங்களுக்குத் தெரியாததில்லை. மென்பொருளின் மெனு எப்படியோ அப்படியே இடப்பக்கப் பட்டியலையும், அதான் பொருளடக்கத்தையும், வைத்திருந்தேன். அமைப்பு, அதற்குள் பிடித்தங்கள், அதற்குள் கேடபிள்யூஎஸ்பி (ஊழியர் சேமநிதி), பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு), பிசிபி (மாத வரிப் பிடித்தம்). பாரங்கள் எல்லாம் தனியாக: சிபி 22 (புது ஆள் வந்ததைச் சொல்வது), சிபி 22ஏ (ஆள் நின்றதைச் சொல்வது), இஏ (ஆண்டுச் சம்பளக் கணக்கு). பார்க்க அம்சமாக இருந்தது. முதலாளிகூடப் பாராட்டினார்.

போன வருஷம் ஒரு 14-ஆம் தேதி, கிள்ளானில் ஒரு லோரி கம்பெனிக்கு நேரில் போக வேண்டியதாயிற்று. 15-ஆம் தேதிக்குள் மூன்றுக்கும் பணம் கட்டியாக வேண்டுமே, அந்த வாரம் எங்கள் போன் ஓயாது. அங்கே கணக்கு பார்க்கும் அக்கா என்னை உட்காரவைத்து, மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, "தம்பி, உங்க வெப்சைட்டை நான் தொறக்கறதே இல்ல" என்றார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பைலை எடுத்தார். எங்கள் பக்கங்கள் அத்தனையும் அச்சடித்து, ஓட்டை போட்டு, பக்க எண் எழுதிக் கோத்து வைத்திருக்கிறார். அட்டையின் உட்புறத்தில் நீலப் பேனாவில்:

புது ஆள் வந்தா – 3, 11, 19
ஆள் நின்னுட்டா – 4, 12, 20
சம்பளம் தப்பா போட்டுட்டா – 27
போனஸ் மாசம் – 15
பிப்ரவரி – 21
போயிட்டு திரும்பி வந்தவன் – ?

பிப்ரவரி என்றால் இஏ பாரம். அந்த மாதக் கடைசிக்குள் ஆட்கள் கையில் கொடுத்தாக வேண்டும். என் பட்டியலில் அது 'பாரங்கள்' என்ற தலைப்புக்குள் மூன்றாவதாக எங்கேயோ கிடந்தது. அவருக்கு அது ஒரு மாதத்தின் பெயர். புது ஆள் வந்தால் ஆளைப் பதிய வேண்டும், பிடித்தம் போட வேண்டும், 30 நாளுக்குள் சிபி 22 அனுப்ப வேண்டும். ஒரே காலையில் செய்கிற மூன்று வேலை. நான் அதை மூன்று மூலையில் வைத்திருந்தேன்.

மூன்று மாதம் உட்கார்ந்து செய்த பட்டியல் ஒரு பைல் அட்டையிடம் தோற்றுப்போனது. இன்னும் மனசு ஆறவில்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

இரவு ஷிப்ட் (பாயான் லெப்பாஸ்)

எனக்கு நடந்தது விடிகாலை மூன்று மணிக்கு. தொழிற்சாலை, சிப் சோதிக்கும் இயந்திரங்கள், உள்ளுக்குள் மட்டும் பார்க்கிற ஆவணங்கள். எம்கேடாக்ஸ் மாதிரியே இன்னொரு கருவி, ஸ்ஃபிங்க்ஸ். பில்டு, அதான் பக்கங்களை உருவாக்கும் வேலை, ஓடும்போது 'இந்தப் பக்கம் எந்த டாக்ட்ரீயிலும் (பொருளடக்கப் பட்டியல்) இல்லை' என்று எச்சரிக்கை வருமே, அது எங்களுக்கு நூற்றுக்கு மேல் வந்துகொண்டிருந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரு நாள் மேலாளருக்குத் திடீர் ஞானம்: எச்சரிக்கை ஒன்று வந்தாலும் பில்டு நிற்க வேண்டும். சரி, கட்டளையில் அந்தப் பெரிய டபிள்யூவைச் சேர்த்தாயிற்று. பில்டும் நின்றாயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம், மழை வேறு, பாலத்தில் ஜாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் இடம் தேடிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. கோப்பின் உச்சியில் 'ஆர்ஃபன்' (அநாதை) என்று ஒரு வரி போட்டால் ஸ்ஃபிங்க்ஸ் வாயை மூடிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் போட்டேன். பில்டு பச்சை. வீட்டுக்குப் போய்விட்டேன்.

மூன்று வாரம் கழித்து ராத்திரி போன். இயந்திரத்தின் கை தட்டைப் பிடித்தபடி பாதியில் நின்றுவிட்டதாம். அதற்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது என்றேன். "எங்கண்ணே இருக்கு?" பட்டியலில் எங்கேயும் இல்லை. நான் படுக்கையில் கிடந்தபடி முகவரியை எழுத்து எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தேன். "எச்... ஏ... என்... ஹைஃபன் இல்லடா, கீழ்க்கோடு." பின்னால் அலாரம் அலறுகிறது. மூன்று தடவை தப்பாக அடித்தான். நாலாவது தடவை திறந்துகொண்டது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, படிக்கிறான். அப்புறம், "அண்ணே, நல்லாத்தான் எழுதியிருக்காங்க. யார் எழுதினது?"

நான்தான் எழுதினேன். நான்தான் அநாதையாக்கினேன். இரண்டாவதை அவனிடம் சொல்லவில்லை.

வரிசைப்பிரியர் (சைபர்ஜெயா)

முதல் பதிவோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த அக்காவுக்கு அது சரி. எல்லோரும் அந்த அக்கா இல்லை. என் கதை சின்னது: நிரலர்களுக்கான ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வழி) ஆவணத்தைப் 'பயனர் நோக்கில்' அடுக்கச் சொன்னார்கள், அடுக்கினேன், நிரலர்கள் திட்டினார்கள், திரும்பவும் அகரவரிசைக்கே மாற்றினேன். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து வருகிறவனுக்கு அகரவரிசையைப் போல வேறொன்று கிடையாது.

இதையெல்லாம் டேனியலே ப்ரோசிடா டயடாக்ஸிஸ் என்ற பெயரில் எப்போதோ தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆவணம் நாலு வகை: கையைப் பிடித்துச் சொல்லித்தருவது, ஒரு வேலையை முடிக்க வழிகாட்டுவது, விவரம் பார்க்க உதவுவது, ஏன் எதற்கு என்று விளக்குவது. ஜாங்கோ என்ற வலைக் கட்டமைப்பின் ஆவணங்களைத் திறந்து பாருங்கள், இந்த நாலும் முகப்பிலேயே பிரிந்து நிற்கும். அக்காவின் அட்டை இரண்டாவது வகை. சிபி 22 பாரத்தின் எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்பது மூன்றாவது வகை. இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டினால் இரண்டும் கெடும்.

அடுத்தது கோப்புப் பெயர். எம்கேடாக்ஸில் நேவ் பகுதியை (பட்டியல் வரிசையைச் சொல்லும் இடம்) எழுதாமல் விட்டால் அது கோப்புப் பெயர் வரிசையில் அடுக்கிவிடும். 1, 2, 3 என்று பெயர் வைத்தவர்களுக்கு 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும். 01, 02 என்று வையுங்கள். டாக்யுசாரஸ் என்ற இன்னொரு கருவி என்றால் முன்னால் இருக்கும் அந்த எண்ணை அதுவே முகவரியிலிருந்து எடுத்துவிடும், பிற்பாடு வரிசை மாறினாலும் இணைப்பு உடையாது. இன்னொன்று, ஸ்ஃபிங்க்ஸில் மேக்ஸ்டெப்த்தை (பட்டியலில் எத்தனை நிலை தெரியும் என்ற எண்) 1 என்று குறைத்துவிட்டுப் பட்டியலைச் சுருக்கிவிட்டேன் என்று பெருமைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அது குப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவது. பக்கங்கள் எல்லாம் அதே இடத்தில்தான் இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. 'இதர' என்று ஒரு தலைப்பு வைப்பது தற்கொலை. இரண்டு நிலைக்குக் கீழே போகாதீர்கள். மூன்றாவது நிலை வேண்டும் என்று தோன்றினால் முதல் நிலையில் ஏதோ தப்பு.

இரவு ஷிப்ட் நண்பருக்கு: அந்த 'ஆர்ஃபன்' வரி பட்டியலுக்கு வெளியே இருக்க வேண்டிய பக்கங்களுக்காக வைத்தது. குற்றம் கருவியுடையது அல்ல.

தூண் எண் 14

அண்ணே, நான் யோசனை கேட்கவில்லை, கதைதான் கேட்டேன். உங்கள் கதை நாலு வரி, யோசனை ஒரு முழுப் பக்கம். 😀 ஆனால் ஒன்று. நாலு வகை என்று நீங்களும் நானும் பிரிக்கலாம். முகப்பில் 'விளக்கம்', 'விவரம்' என்று இரண்டு பெட்டி வைத்தால் அக்கா எதைத் தொடுவார்?

கேட் ரிப்பேர் (செராஸ்)

சுருக்கமாக. கொண்டோமினியம் வாசலில் கார் வந்தால் தூக்கும் கம்பம் இருக்கிறதல்லவா, அதன் கட்டுப்பாட்டு மென்பொருளுக்கு ஆவணம் எழுதினேன். பட்டியல் கன்னாபின்னாவென்று இருந்ததால் ஒரு வாரம் உட்கார்ந்து கோப்புறைகளை மாற்றி அழகாக்கினேன். அழகாக்கியதில் முகவரிகள் மாறின. ஒவ்வொரு கம்பத்தின் வயிற்றிலும் ஒரு கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது எனக்குத் தெரியாது. ஒட்டியது வேறு டிபார்ட்மெண்ட்.

அப்புறம் ஒரு நாள் காலை, எட்டு மணி நெரிசல். கம்பம் இறங்கவும் இல்லை ஏறவும் இல்லை. நான் வேறு வேலையாக அங்கே போயிருந்தேன். காவலுக்கு இருந்த நேப்பாளத்துப் பையன் ஒரு கையால் கம்பத்தைத் தாங்கிக்கொண்டு இன்னொரு கையால் போனை ஸ்டிக்கரில் காட்டினான். பிறகு போனை என் பக்கம் திருப்பினான். வெள்ளைத் திரை, நடுவில் 404. எங்கள் லோகோவோடு. "பாஸ், இனி அபா?" (இது என்ன?) என்றான். பின்னால் பதினைந்து கார் ஹாரன்.

வரிசைப்பிரியர்

பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிட்டிருக்க வேண்டும். நல்ல முகவரி மாறாது என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே எழுதிவிட்டார். எம்கேடாக்ஸுக்கு இதற்கென்றே ரீடைரக்ட்ஸ் என்று ஒரு பிளகின் இருக்கிறது, பழைய இடத்தில் ஒரு குட்டிப் பக்கத்தை வைத்து அது புதிய இடத்துக்குத் தள்ளிவிடும். பட்டியலில் தலைப்பை மாற்றலாம், வரிசையை மாற்றலாம், கோப்பை மட்டும் நகர்த்தாதே என்பதுதான் பாடம்.

கேட் ரிப்பேர்

தெரியும் அண்ணே. இப்போது தெரியும்.

பினாங்குப் பொண்ணு (ஜார்ஜ்டவுன்)

என்னுடையது கடைகளுக்கான கணக்கு மென்பொருள். மின் விலைப்பட்டியல், அதான் இ-இன்வாய்ஸ், வந்த கதை உங்களுக்குத் தெரியும். 2024 ஆகஸ்ட் 1-இல் 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் விற்பனை உள்ளவர்களுக்குத்தான் முதலில் கட்டாயம். எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஆனாலும் அன்றைக்கே எல்லோரும் போன் போட்டார்கள். பக்கம் தயாராகத்தான் இருந்தது, 'இணைப்புகள்' என்ற தலைப்புக்கு அடியில், 'மைஇன்வாய்ஸ் ஏபிஐ' என்ற பெயரில் (மைஇன்வாய்ஸ் என்பது அரசின் இ-இன்வாய்ஸ் அமைப்பு). எங்கள் டெவலப்பர்களுக்கு அது ஓர் ஏபிஐ. அதனால் பட்டியலிலும் ஏபிஐ.

பக்கத் தலைப்புகளை மணிலா அட்டையில் வெட்டி எழுதி, 42 துண்டு, லெபோ பசாரில் ஒரு மளிகைக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்கார மாமா மிளகாய்த் தூள் நிறுத்திக்கொண்டிருந்தவர் கையைத் துடைக்காமலே அட்டைகளைப் பிரிக்க ஆரம்பித்தார். இரண்டே குவியல். ஒன்று 'தெனமும் பாக்கறது'. இன்னொன்று 'எல்எச்டிஎன்', அதான் வருமான வரி வாரியம். இ-இன்வாய்ஸ் எல்எச்டிஎன்னில் போனது, சரி. எஸ்எஸ்டியையும் (விற்பனை, சேவை வரி) அதிலேயே போட்டார். "மாமா, எஸ்எஸ்டி கஸ்தாம் (சுங்கத் துறை) பாக்கறது, எல்எச்டிஎன் இல்ல" என்றேன். "ரெண்டும் ஒரே பயம்தானேம்மா" என்றார்.

திரும்பி வந்து இதைச் சொன்னேன். அரசுத் துறையின் பெயரைத் தலைப்பாக வைப்பது தொழில்முறையாக இல்லை என்றார்கள். 'வரி இணக்கம்' என்று வைத்தார்கள். இணக்கமாம். அந்த 42 அட்டையும் இன்னும் என் மேசையில்தான் இருக்கின்றன, மேலே இருக்கும் இரண்டு மூன்றில் சிவப்பு விரல் ரேகை.

வரிசைப்பிரியருக்கு: மாமாவின் இரண்டு குவியல் உங்கள் நாலு வகையில் எதில் வரும்?

வரிசைப்பிரியர்

அது வகைப்பாடு இல்லை, மனநிலை.

பினாங்குப் பொண்ணு

அதையேதான் நானும் சொல்கிறேன்.

பசியாறப் போறேன் (ஈப்போ)

சும்மா படித்துக்கொண்டிருந்தேன், ஒரு சந்தேகம். இந்தக் காலத்தில் யார் பொருளடக்கத்தைப் பார்க்கிறார்கள்? மேலே தேடல் பெட்டி இருக்கிறதே, தட்டினால் வந்துவிடாதா?

இரவு ஷிப்ட்

தட்டினான் தம்பி. அன்று ராத்திரி எனக்கு போன் போடுவதற்கு முன்னால் தேடல் பெட்டியில்தான் தட்டியிருக்கிறான். 'கை மாட்டிக்கிச்சு' என்பதை ஆங்கிலத்தில், மலாயில், அப்புறம் வெறுமனே 'ஸ்டக்'. அந்தப் பக்கத்தின் தலைப்பு 'தகவல் தொடர்புப் பிழையிலிருந்து மீட்பு' என்ற மாதிரி ஒன்று. அவன் கண்ணுக்கு முன்னால் இருந்தது ஒரு கை, ஒரு தட்டு. தொடர்பு அறுந்ததால்தான் கை நின்றது என்று தெரிந்திருந்தால் அவனுக்கு அந்தப் பக்கமே வேண்டியிருக்காது. பக்கத்துக்குள் 'ஸ்டக்' என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை, நான் மறுநாள் தேடிப் பார்த்தேன்.

பினாங்குப் பொண்ணு

தூண் எண் 14, அந்த அட்டையில் கடைசி வரியில் கேள்விக்குறி இருந்ததே. போயிட்டு திரும்பி வந்தவன். அது என்ன ஆனது?

தூண் எண் 14

கவனித்துவிட்டீர்களா. லோரி ஓட்டுநர்கள் ஹரி ராயாவுக்கோ தீபாவளிக்கோ முன்னால் நின்றுவிட்டு, இரண்டு மாதம் கழித்து அதே கம்பெனிக்குத் திரும்பி வருவார்களாம். அக்காவுக்கு அது வருஷா வருஷம் வருகிற வேலை. பழைய ஆள் எண்ணையே எழுப்புவதா, புது ஆளாகப் பதிவதா? எங்களிடம் பக்கமே இல்லை. போன மாதம்தான் எழுதி முடித்தேன். இப்போது பட்டியலை அக்கா அட்டை மாதிரியே மாற்றிக்கொண்டிருக்கிறேன், 'புது ஆள் வந்தால்', 'ஆள் நின்றால்' என்று. முதலாளிக்கு அரை மனசு. இந்தப் பக்கத்தை மட்டும் எதற்கு அடியில் வைப்பது என்று பிடிபடவில்லை. அக்காவையே கேட்டேன். "ரெண்டுலயும் வைங்க தம்பி, எனக்கு எது மொத ஞாபகம் வருதோ அதுல பாத்துக்கறேன்" என்கிறார்.

வரிசைப்பிரியர்

ஒரு பக்கத்துக்கு ஒரு இடம்தான் இருக்க வேண்டும்.

இரவு ஷிப்ட்

அக்கா சொன்னபடியே ரெண்டிலும் வை. எம்கேடாக்ஸ் என்ன சொல்லும் என்று தெரியாது, ஸ்ஃபிங்க்ஸாக இருந்தால் அதற்கும் ஓர் எச்சரிக்கை காட்டும். காட்டட்டும். அதன் வாயை மூட மட்டும் எதையும் எழுதிவிடாதே.