மறுமொழி: லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் – ‘வழுக்கல்’ வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இழைக்கு என் பதில் இது. டிஃபரன்ஷியல் என்பது இடது, வலது சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதி. அந்த வேக வித்தியாசத்தை ஓரளவுக்கு மேல் போகாமல் அடக்குவது லிமிடெட் ஸ்லிப் வகை.

> ‘மட்டுறு வழுக்கல் வேறுபாட்டுப் பல்லிணை’ என்று வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் ஐயா. நீளம் ஒரு பக்கம் இருக்கட்டும், பொருளே மாறிப்போகிறது. இந்தக் கருவி அடக்குவது டயர் வழுக்குவதை அல்ல. இடது, வலது அச்சுத்தண்டுகளுக்கு இடையே வரும் வேக வித்தியாசத்தை. ‘வழுக்கல்’ என்று எழுதினால், இதை மாட்டிவிட்டால் கார் வழுக்காது என்று பையன்கள் நினைத்துக்கொள்வார்கள். பின்சக்கர இயக்கக் காரில் கிட்டத்தட்ட நேர்மாறாக நடக்கும். வளைவில் ஆக்சிலேட்டரை அதிகமாக மிதித்தால் பின்டயர் இரண்டும் ஒன்றாகப் பிடியை விட்டு, வால் வெளியே போகும். டிரிஃப்ட் ஓட்டுபவர்கள் இதைத் தேடி வாங்குவதே அதற்காகத்தான்.

> டிஃபரன்ஷியலுக்கு ‘வகையீடு’ போதாதா?

அதைக் கணிதம் எடுத்துக்கொண்டாயிற்று. விட்டுவிடுவோம்.

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுபவர்களிடம் இதைச் சொன்னால் பாதியிலேயே பிடித்துக்கொள்வார்கள். மழை பெய்த செம்மண் பாதையில், குலை ஏற்றிய டிரெய்லரோடு ஒரு சக்கரம் சேற்றில் இறங்கினால் அது மட்டும் சும்மா சுற்றும். மேட்டில் இருக்கும் மறு சக்கரம் அசையாது. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசைதான் தரும். சேற்றில் நிற்பது எவ்வளவு தாங்குமோ, மற்றதற்கும் அவ்வளவுதான். அப்போது லாக் பெடலை மிதிப்பார்கள். இரண்டும் சேர்ந்து சுற்றி வண்டி ஏறிவிடும். ஆனால் திரும்புவதற்கு முன் லாக்கை விட்டாக வேண்டும். விடாமல் ஸ்டீரிங்கை ஒடித்தால் மூக்கு நேராகவே போகப் பார்க்கும்.

ஆக, பிரிந்து சுற்றுவது ஒன்று, பூட்டிக்கொண்டு சுற்றுவது ஒன்று, நாம் பேர் தேடுவது இடையில் இருப்பதற்கு. என் பரிந்துரை: டிஃபரன்ஷியலுக்குப் ‘பிரிசுழலி’. லாக் போட்டதும், சிலர் பணம் மிச்சம் பிடிக்க வெல்டிங் வைத்து ஒட்டிவிடுவதும் ‘பூட்டுச்சுழலி’. இடையில் இருப்பது ‘தளைச்சுழலி’. காலில் தளை போட்ட மாடு நடக்கும், ஓடாது. இங்கே வேக வித்தியாசத்துக்கும் அதே கதிதான். (யாப்பு படித்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அங்கும் சீரைச் சீரோடு கட்டுவதுதான் தளையின் வேலை.)

இந்தச் சொல் உள்வகைகளுக்கும் இடம் தருகிறது. என்னிடம் இருப்பது 1989-இல் வெளிவந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 கார், 1.6 லிட்டர். அந்த எஞ்சினோடு வந்தது சிலிக்கோன் திரவத்தால் இழுத்துப் பிடிக்கும் வகை. அதைப் ‘பிசுக்குத் தளை’ எனலாம். திரவம் பழசானால் பிடியும் தளர்ந்துவிடும். பிறகு 1.8 லிட்டர் கார்களில் டோர்சன் வந்தது. அது பல்சக்கரங்களாலேயே விசையை மறுபக்கம் தள்ளுவதால் ‘பல்தளை’. ஒரு சக்கரம் தரையை விட்டுக் கிளம்பினால் மட்டும் அது கைவிரித்துவிடும். பிடி குறைந்த பக்கத்து விசையைப் பல மடங்காக்கித்தான் அது மறுபக்கம் தரும். அந்தரத்தில் நிற்கும் சக்கரத்திலோ பெருக்குவதற்கு விசையே இருக்காது. ஒன்றோடொன்று உராய்ந்து பிடிக்கும் கிளட்ச் தட்டுகள் உள்ளது ‘தட்டுத் தளை’. குறுகலாகத் திரும்பும்போது இது கடகடவென்று சத்தம் போடும். பழுது என்று பயந்து பட்டறைப் போர்மேனிடம் (மெக்கானிக்) ஓட வேண்டாம், அதன் சுபாவம் அது. இந்தத் தட்டு வகையிலேயே, ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது மட்டும் இறுகுவது ஒருவழி. காலை எடுத்தாலும் அதே அளவு இறுகுவது இருவழி. எடுக்கும்போது கொஞ்சமாக இறுகுவது ஒன்றரைவழி. ‘ஒன்றரைவழித் தட்டுத் தளை’ என்றால் கடைக்காரர் சிரிப்பார், ஆனால் சரியான சாமானை எடுத்துக் கொடுப்பார்.

டோர்சன் வணிகப் பெயர். அதை அப்படியே விடலாம்.

மிச்சம் இருப்பது ப்ரீலோட். கார் நிற்கும்போதே தட்டுகளின் மேல் இருக்கும் அழுத்தம் அது. ‘முன்னிறுக்கம்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். பட்டறையில் போல்ட் இறுக்குவதோடு குழம்பும் என்று யாருக்காவது தோன்றினால் பட்டியலில் ஏற்றுவதற்குள் சொல்லிவிடுங்கள்.