சிரட்டைக் கரியில் முதல் சுற்றுத் திறன் 35 விழுக்காடுதான்: சோடியம் அயனி மின்கலத்தில் உதவி தேவை

காரைக்குடி மாணவி:
வணக்கம். முதுகலை வேதியியல் ஆய்வேட்டுக்காக, கல்யாண வீட்டுச் சமையலில் மிஞ்சிய சிரட்டையிலிருந்து சோடியம் அயனி மின்கலத்துக்கான எதிர்மின்வாய்க் கரி செய்கிறேன். சிரட்டைப் பொடியுடன் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்து, ஆர்கான் ஓட்டத்தில் 800 டிகிரி செல்சியஸில் சுட்டேன். சோடியம் உலோகத்தை மறுபுறம் வைத்துக் கட்டிய காயின் செல்லில் (நாணய வடிவச் சிறு சோதனை மின்கலம்) முதல் முறை கிராமுக்கு 520 மில்லி ஆம்பியர் மணி மின்னூட்டம் உள்ளே போகிறது; 182 மட்டுமே, அதாவது 35 விழுக்காடுதான், திரும்பி வருகிறது. 0.1 வோல்ட்டுக்குக் கீழே வரவேண்டிய சமதளமும் (மின்னழுத்தம் ஏறக்குறைய மாறாமல் நிற்கும் பகுதி) தென்படவில்லை. மூன்று செல்களிலும் இதே நிலை. எங்கே தவறுகிறேன்?

பள்ளத்தூர் வாசகர்:
பொட்டாசியம் ஹைட்ராக்சைடுதான் காரணம், அம்மா. அது கரியில் நுண்துளைகளைக் குடைந்து மேற்பரப்பை மிகவும் விரித்துவிடும். மேற்பரப்பிலேயே மின்னூட்டத்தைச் சேமிக்கும் சூப்பர் கெப்பாசிட்டருக்கு அதுவே தேவை. சோடியம் மின்கலத்திலோ அந்தப் பரப்பு முழுவதிலும் மின்பகுளி சிதைந்து படலமாகப் படிவதால், படலம் கட்டவே சோடியம் செலவாகிறது. உங்கள் செல்லில் சோடியம் உலோகம் தாராளமாக இருப்பதால் அடுத்தடுத்த சுற்றுகளில் இழப்பின் விளைவு தெரியாது. முழு மின்கலத்தில் நேர்மின்வாய் தரும் சோடியம் அளவானது என்பதால், அங்கே போனது போனதுதான்.

அந்தக் காரத்தைக் கைவிட்டு, சிரட்டையை 500 டிகிரியில் கரியாக்கி அரையுங்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவிச் சாம்பலின் பொட்டாசியத்தையும் கால்சியத்தையும் நீக்கி, நடுநிலை வரும்வரை நீரில் அலசி உலர்த்தியபின், 1300 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுடுங்கள். அந்த வெப்பத்தில் திறந்த துளைகள் மூடிக்கொள்ளும்; மூடிய துளைகளில் சோடியம் சேரும்போதுதான் சமதளம் உருவாகும் என்பதே இன்று பலரும் ஏற்கும் விளக்கம்.

தேவகோட்டை வாசகி:
ஒன்று சேர்க்கிறேன். மின்வாயை வெற்றிடத்தில் 120 டிகிரியில் இரவு முழுவதும் உலர்த்துங்கள். மின்னோட்டத்தையும் குறைத்து வையுங்கள். சமதளம் 0 வோல்ட்டை ஒட்டியிருப்பதால், வேகமாக ஏற்றினால் மின்னழுத்தம் சட்டென 0-ஐத் தொட்டு, சமதளம் தொடங்குமுன்பே சோதனைக் கருவி நிறுத்திவிடும்.

காரைக்குடி மாணவி:
நன்றி ஐயா, அக்கா. எங்கள் உலையின் குவார்ட்ஸ் குழாய் 1000 டிகிரிக்கு மேல் தாங்காது என்பதால், அலுமினாக் குழாய் உள்ள வேறோர் ஆய்வகத்தில் சுட்டு வந்தேன். இப்போது 340 உள்ளே போய் 275 திரும்புகிறது; அதாவது 81 விழுக்காடு. சமதளமும் தெளிவாகத் தெரிகிறது. கரியைச் செப்புத் தகட்டுக்குப் பதிலாக விலை குறைந்த அலுமினியத் தகட்டில் பூசலாமா?

பள்ளத்தூர் வாசகர்:
தாராளமாகப் பூசலாம். லித்தியம் அலுமினியத்துடன் உலோகக் கலவையாகச் சேரும்; சோடியம் அப்படிச் சேராது.