உயிர்காக்கும் கருவி: கடைசி முடிவு யார் கையில்?

திருகாணி:
மூச்சுக்கு உதவும் கருவியில் கடைசி முடிவு மனிதனிடமா, தானியங்கியிடமா என்றால், கையால் பிரித்துச் சேர்க்க முடிகிற எளிய கருவிதான் வேண்டும் என்பது என் கட்சி. 1970-ல் நிலவுக்குப் போன அப்பல்லோ 13-இன் தாய்க்கலம் பழுதாகி, மூவரும் இரண்டு பேருக்கான நிலாக்கலத்தில் ஒதுங்கியபோது கரியமில வாயு ஏறிக்கொண்டே போனது. தாய்க்கலத்தில் மிச்சமிருந்த வடிகட்டி டப்பாக்கள் சதுரம், இங்கே துளை வட்டம். பிளாஸ்டிக் பை, அட்டை, விண்வெளி உடையின் குழாய், ஒட்டுநாடா இவற்றை வைத்தே பொருத்திவிட்டார்கள். எந்தத் தானியங்கி இதைச் செய்யும்?

ஆழ்நீர்:
அவர்களுக்குத் தலை தெளிவாக இருந்தது, யோசித்துச் சொல்லத் தரையில் ஒரு கூட்டமே இருந்தது. நான் ரீபிரீதர், அதாவது விட்ட மூச்சையே சுத்தம் செய்து திரும்பத் தரும் கருவி, போட்டு முக்குளிப்பவன். ஒருமுறை கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைம் துகள்களைச் சரியாகத் தட்டி நிரப்பவில்லை. 30 மீட்டர் ஆழத்தில் மூச்சு வாங்கியது. மணிக்கட்டுத் திரையில் எண் தெரிகிறது, அர்த்தம் புரியவில்லை. மாற்று சிலிண்டரின் வாய்க்குழாய் நெஞ்சருகே தொங்குகிறது, வாயில் இருப்பதை எடுக்க முடியவில்லை. கூட வந்தவர்தான் மாற்றிவிட்டார். அந்த நிலையில் இருப்பவனிடமா முடிவை விடுவது?

திருகாணி:
படிக்கவே பதறுகிறது. ஆனால் உங்கள் ரீபிரீதரில் ஆக்சிஜன் உணரிகள் மூன்று, இரண்டு ஒத்துப்போனால் மூன்றாவதை ஒதுக்கிவிடும். பழசாகிப்போன இரண்டும் ஒரே மாதிரி குறைத்துக் காட்டினால்? சரியாகச் சொல்லும் ஒன்று தோற்கும், கருவி ஆக்சிஜனைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் அளவு மீறினால் வலிப்பு வரும், நீருக்கடியில் அது வந்தால் அவ்வளவுதான்.

ஆழ்நீர்:
உண்மைதான், அதனால்தான் மூன்றையும் ஒரே நேரத்தில் வாங்கிப் போடுவதில்லை. சரி, 1971-ல் சோவியத் விண்கலம் சோயுஸ் 11? திரும்பும் வழியில் காற்றழுத்த வால்வு திறந்துகொண்டது. கையால் மூடலாம், ஆனால் மூடி முடிப்பதற்குள் நினைவு போய்விட்டது. மூவரும் இறந்தார்கள்.

வெண்பனி:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அவர்களைக் காப்பாற்றியிருக்கக்கூடியது அழுத்த உடை. மூன்று பேரை ஏற்றியதில் அதற்கு இடமில்லை. அப்புறம்தான் இருவராகக் குறைத்து சோகோல் என்ற அழுத்த உடை கொடுத்தார்கள். 2013-ல் விண்வெளி நிலையத்துக்கு வெளியே விண்நடையில் இருந்த வீரர் லூகா பார்மிட்டானோவின் தலைக்கவசத்தில் தண்ணீர் ஏறி மூக்கை மூடியது. அதற்கு முந்தைய விண்நடையிலேயே தண்ணீர் தெரிந்தது, குடிநீர்ப் பை கசிவு என்று முடித்துவிட்டார்கள். எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான். பிறகு உள்ளே உறிஞ்சு பஞ்சும், மூச்சு விட ஒரு குழாயும் வைத்தார்கள். அவற்றுக்கு உணரியும் வேண்டாம், தெளிந்த மூளையும் வேண்டாம்.

திருகாணி:
அந்தக் குழாயையும் கையில் கிடைத்த பிளாஸ்டிக் குழாயை வெட்டி, வெல்க்ரோ ஒட்டித்தான் செய்தார்கள், வெண்பனி.

ஆழ்நீர்:
செய்தது நிலையத்துக்குள் உட்கார்ந்து, நல்ல காற்றைச் சுவாசித்துக்கொண்டு. நான் கேட்பது வெளியே இருப்பவனைப் பற்றி.